நோன்பில் நெஞ்செரிச்சல்: சஹரில் மாத்திரையா, நோன்பு திறக்கும்போதா, தட்டை மாற்றினாலே போதுமா?

ரமலான் பிறை தெரிய ஒரு வாரம் இருக்கும்போதே ஆற்காடு, மேல்விஷாரம் பக்கத்து மருந்துக்கடைகளில் அந்தக் கேள்வி கிளம்பிவிடும்: "கேஸ் மாத்திரைய எப்போ போடணும், சஹர்லயா, நோன்பு தொறக்கறப்பவா?" சஹர் என்பது விடியலுக்கு முன் சாப்பிடுகிற நோன்புச் சாப்பாடு. கடையில் நிற்கிற எங்களில் பாதிப்பேர் "சஹர்ல போட்டுக்குங்க பாய்" என்று சொல்லி, அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்போம், ஏனென்றால் அந்த நேரத்துக் கூட்டம் அப்படி. ஆடிக் கிருத்திகை வந்தால் இதே கேள்வி ரத்தினகிரி முருகன் கோயிலுக்குப் போகிறவர்களிடமிருந்து வரும், ஐப்பசியில் சஷ்டிக்காரர்களிடமிருந்து, மார்கழியில் ஏகாதசிக்காரர்களிடமிருந்து. வேலூர் மாவட்டத்தை 2019-ல் மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின, ஆற்காடும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டையோடு போயின, நெஞ்செரிச்சல் மட்டும் பிரியாமல் மூன்றிலும் இருக்கிறது.

கடையில் நின்றுகொண்டு சொல்ல முடியாததை இங்கே நிதானமாகச் சொல்கிறேன். எந்த மாத்திரை என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை மணிக்கு எரிகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கவனிக்காமல் வாங்கினால் நல்ல மாத்திரைகூடத் தப்பான நேரத்தில் வயிற்றுக்குள் போய் வீணாகும்.

எத்தனை மணிக்கு எரிகிறது?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேருகிற இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், மற்ற நேரத்தில் இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும். அது வேண்டாத நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறி நெஞ்செலும்புக்குப் பின்னால் எரியும், சிலருக்குத் தொண்டை வரை புளிப்பாக எதுக்களிக்கும். இந்தத் தளர்ச்சி அதிகமாக நடப்பது வயிறு நிறைந்து உப்பியிருக்கும் நேரத்தில். பகல் முழுக்க, ஏறக்குறைய 13 மணி நேரம், ஒழுங்காக இருந்த வயிறு, மாலையில் நோன்பு திறக்கிற இஃப்தார் முடிந்து ஒரு மணி நேரத்தில் எரிய ஆரம்பிப்பது இதனால்தான். பட்டினியால் அமிலம் பொங்கிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். அமிலம் பட்டினியிலும் கொஞ்சம் சுரக்கத்தான் செய்கிறது, ஆனால் பெரும்பாலானவர்களை எரிய வைப்பது நோன்பு திறந்த பிறகு ஒரே மூச்சில் உள்ளே போனதுதான்.

ஒரு ரெண்டு மூணு நாள் கவனித்துப் பாருங்கள். நோன்பு திறந்ததிலிருந்து தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகை முடிவதற்குள் எரிகிறதா, ராத்திரி படுத்த பிறகா, சஹர் சாப்பிட்டுவிட்டு ஃபஜ்ர் என்ற விடியல் தொழுகையை முடித்து மறுபடி படுக்கும்போதா, இல்லை மதியம் மூன்று நாலு மணிக்கா? முதல் மூன்றும் பெரும்பாலும் நான் மேலே சொன்ன எதுக்களிப்பு வகை. குனிந்தால், படுத்தால் அதிகமாகும்.

மதியத்து எரிச்சல் கொஞ்சம் வேறு. மேல்வயிற்றில், பசியோடு சேர்ந்து குடைகிற மாதிரி வந்து, ஏதாவது சாப்பிட்டதும் அடங்குகிறது என்றால் இரைப்பைப் புண்ணோ குடல் புண்ணோ இருக்கலாம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி ஒரு காரணம், மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் போடுகிற டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் இன்னொரு காரணம். கிருமிக்குப் பரிசோதனை உண்டு, இருந்தால் கூட்டு மருந்து கொடுத்து ஒழித்துவிடலாம், ஆகவே மதியக்காரர்கள் இந்தக் கட்டுரையை வைத்து முடிவெடுக்காமல் நோன்புக்கு முன்பே ஒரு டாக்டரைப் பார்த்துவிடுவது உத்தமம். நாட்டின் எந்த மூலையிலிருந்தோ ரயிலேறி வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் வருகிறார்கள், பக்கத்திலேயே இருக்கிற நாம் மட்டும் கேஸ் மாத்திரை அட்டையோடு வருஷங்களை ஓட்டுகிறோம். இன்னொன்று, டீ குடிக்காததால் வருகிற மதியத் தலைவலிக்கு ராத்திரி வலி மாத்திரை போட்டு, அதனால் வயிறு எரிந்து, அதற்கொரு கேஸ் மாத்திரை கேட்டு வருகிறவர்களும் உண்டு. ரமலானுக்கு முந்தின வாரமே டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் இந்தச் சங்கிலியே இருக்காது.

தட்டை மாற்றுவது

முதல் வழி, மாத்திரையே இல்லாமல் சாப்பாட்டையும் படுக்கையையும் மாற்றிப் பார்ப்பது. எப்போதாவது எரிகிறவர்களுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். தினம் எரிகிறவர்களுக்கு இது மட்டும் போதாது, ஆனால் இதைச் செய்யாமல் போடுகிற மாத்திரையும் பாதிதான் வேலை செய்யும்.

நோன்புக் கஞ்சி மேல் தேவையில்லாமல் பழி விழுகிறது. அரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் கைமா, இஞ்சி பூண்டு, வெந்தயம் எல்லாம் குழையக் குழைய வெந்து வருகிற பண்டம், காலி வயிற்றுக்கு அதைவிடச் சாந்தமான ஒன்றை நாமே யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பூண்டும் மசாலாவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் குறைத்துப் போட்டுக் காய்ச்சிக்கொள்ளலாம். வம்பு கஞ்சியோடு வருகிற கூட்டத்தில்தான் இருக்கிறது: வடை, சமோசா, பஜ்ஜி, அதற்குப் புதினாச் சட்னி, கூடவே எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத். எண்ணெய்ப் பண்டம் வயிற்றிலிருந்து கீழே இறங்க நேரமெடுக்கும், வயிறு நிறைந்தே இருக்கும், வளையம் தளர்ந்துகொண்டே இருக்கும். புதினா செரிக்க வைக்கும் என்று நம்புகிறோம், எதுக்களிப்பு உள்ளவர்களில் பலருக்கு அது அந்த வளையத்தை இன்னும் தளர்த்திவிடும். சர்பத் வேண்டுமென்றால் எலுமிச்சையை விட்டுவிட்டுக் குடியுங்கள், நன்னாரி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

பீடி, சிகரெட்டில் நோன்பு திறக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிகோடின் அந்த வளையத்தைத் தளர்த்தும், எச்சிலையும் குறைக்கும். பேரீச்சம்பழம் வாயில் இருக்கும்போதே கை சட்டைப்பைக்குப் போகிற அண்ணன்மார்களுக்கு நான் எந்த மாத்திரை கொடுத்தும் பயனில்லை.

இப்போது பெரிய கேள்வி. முழுச் சாப்பாடு எப்போது, மக்ரிப் என்ற அந்திநேரத் தொழுகைக்குப் பிறகேவா, தராவீஹ் முடிந்து வந்தா?

மக்ரிபுக்குப் பிறகே சாப்பிட்டுவிட்டால் ஏழேகால் மணிக்குள் முடிந்துவிடும், படுப்பதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கிடைக்கும். ராத்திரி படுத்ததும் எரிகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் எட்டு, எட்டேகாலுக்கு இஷா என்ற இரவுத் தொழுகை, அப்புறம் தராவீஹ். 20 ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுகிறவர் தராவீஹில் மட்டும் 40 தடவை நெற்றி தரையில் படுகிற சஜ்தாவுக்குப் போகிறார், ஒவ்வொரு தடவையும் தலை வயிற்றைவிடக் கீழே. வயிறு முட்டச் சீரகசம்பா பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் உள்ளே இருக்கும்போது 40 தடவை குனிந்தால் புளிப்பு தொண்டைக்கு வராமல் என்ன செய்யும்? அதற்குப் பயந்து தராவீஹ் முடிந்து பத்து மணிக்குச் சாப்பிட்டால் தொழுகை நிம்மதியாக நடக்கும், ஆனால் பதினோரு மணிக்குப் படுக்கும்போது வயிறு பாதிகூட இறங்கியிருக்காது, நாலு மணிக்கு மறுபடி சஹர் சாப்பாடு.

என் தீர்ப்பு இது. படுத்தால் எரிகிறவர் மக்ரிபுக்குப் பிறகு சாப்பிட்டுவிட வேண்டும், ஆனால் வழக்கத்தில் பாதியளவு, தராவீஹுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். சஜ்தாவில் எரிகிறவர் கஞ்சியும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு தொழுதுவிட்டு வந்து, இரண்டு இட்லியோ மெல்லிய தோசையோ சாப்பிட்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து படுக்கலாம். பிரியாணியை விடச் சொல்லி இந்த ஊரில் யாராலும் பேச முடியாது, நானும் சொல்லவில்லை, அது எட்டு மணிக்கு முந்தின சாப்பாடாக இருக்கட்டும். உண்மையில் கெடுதல் செய்வது இரண்டு இடத்திலும் முழுச் சாப்பாடு சாப்பிடுவதுதான், விருந்தாளி வந்த வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது.

சஹர் விஷயம் இன்னும் சிக்கல். சஹரைக் கடைசி நேரம் வரை தாமதிப்பது நபிவழியான சுன்னத், அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. சிக்கல் அதற்குப் பிறகு வருகிற தூக்கத்தில். தொழுதுவிட்டு உடனே படுத்தால், சாப்பிட்டு முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வேலைக்குப் போகிறவர்கள், குறிப்பாக ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் காலையிலேயே கிளம்புகிறவர்கள், "அந்த ஒரு மணி நேரத் தூக்கம் இல்லன்னா முடியாதுங்க" என்பார்கள், நியாயம்தான். முடிந்தவர்கள் உட்கார்ந்திருந்து பொழுது விடிந்த பிறகு படுக்கலாம். முடியாதவர்கள் தலைப்பக்கத்தை உயர்த்தி, இடது பக்கமாகப் படுக்க வேண்டும். இடது பக்கம் படுத்தால் உணவுக்குழாய் சேருகிற இடம் இரைப்பையைவிட மேலே இருக்கும், வலது பக்கத்தில் நேர் எதிர். உயர்த்துவது என்றால் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கடியில் செங்கல்லோ கட்டையோ வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர். தலையணை மேல் தலையணை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு இன்னும் அழுந்தும். பாயில் படுக்கிறவர்கள் முதுகிலிருந்தே சரிவாக வருகிற மாதிரி மெத்தையைச் சுருட்டி அடியில் வைத்துக்கொள்ளலாம்.

சஹருக்கு என்ன சாப்பிடலாம் என்றால், ராத்திரி மிஞ்சின பிரியாணியைத் தவிர பெரும்பாலும் எதுவும் சரிதான். தயிர்ச்சாதம், இட்லி, பருப்புச் சாதம், காரமில்லாத குழம்போடு கேழ்வரகுக் களி, வாழைப்பழம். பால் குடித்தால் நெஞ்சு குளிரும், அது கொஞ்ச நேரம்தான், பிறகு பாலே அமிலத்தைச் சுரக்க வைக்கும், ஆகவே அதை மருந்தாக நினைக்க வேண்டாம். கடைசி வாய் கடுங்காப்பி, கடும் டீ எரிய வைக்கிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

மருந்து: எது, எப்போது

நோன்பு நேரத்தில் வாய்வழியாக எதை விழுங்கினாலும் நோன்பு முறிந்துவிடும் என்பதால் நமக்குக் கிடைப்பது சூரியன் மறைந்ததிலிருந்து ஃபஜ்ர் வரைக்குமான நேரம் மட்டும்தான். இந்த நேரத்துக்குள் எந்த மருந்து எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ஜெலுசில், டைஜீன் மாதிரி சிரப்புகள் சில நிமிடங்களில் அமிலத்தை அடக்கும். காலி வயிற்றில் குடித்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான் தாங்கும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இரண்டு மூன்று மணி நேரம் வரும். ஆகவே தராவீஹ் நேரத்து எரிச்சலுக்கு நல்லது, மறுநாள் பகலுக்குப் பிரயோஜனமே இல்லை. சஹர் முடிவில் இரண்டு மூடி குடித்துவிட்டு மாலை வரை காக்கும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர், அது எட்டு மணிக்கு முன்பே தீர்ந்துபோயிருக்கும். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் இந்தச் சிரப்புக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாத்திரை உடம்பில் சேராது. ஈனோவில் சோடியம் அதிகம், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தினமும் கலக்கிக் குடிக்கிற பண்டம் அல்ல.

ஆல்ஜினேட் சிரப்பைப் பற்றி நம் ஊரில் அவ்வளவாகப் பேச்சு இல்லை, எனக்கு அது பிடிக்கும். கடற்பாசியிலிருந்து எடுக்கிற பொருள், வயிற்றுக்குள் போனதும் குட்டையில் பாசி படர்ந்த மாதிரி மேலே ஒரு படலமாக மிதந்து அமிலம் ஏறுவதைத் தடுக்கும். சாப்பிட்ட பிறகு குடித்தால்தான் மிதக்கும், சில மணி நேரம் தாங்கும். சஹர் சாப்பிட்டு முடித்து, பாங்குக்கு முன்னால் கடைசியாக ஒரு அளவு குடித்தால் ஃபஜ்ருக்குப் பிந்தைய தூக்கத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. காலைத் தூக்கத்தில் மட்டும் எரிகிறவர்கள் மாத்திரைக்குப் போவதற்கு முன் இதை முயன்று பார்க்கலாம். சாப்பாட்டைக் கடைசி வினாடி வரை இழுக்கிறவர்களுக்கு இதைக் குடிக்க நேரமிருக்காது, அதுதான் குறை. இதிலும் சோடியம் உண்டு.

அடுத்து ஃபமோடிடின் வகை. ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி 10 முதல் 12 மணி நேரம் அமிலச் சுரப்பைக் குறைக்கும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கணக்கு முக்கியமில்லை. தராவீஹ் முடிந்து போட்டால் ராத்திரி முழுக்கக் காக்கும், சஹரில் போட்டால் மதியம் வரை வரும். நேரக் கணக்கில் நோன்புக்கு இதைவிட வசதியானது இல்லை என்று தோன்றும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது: தொடர்ந்து தினமும் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகி அதன் சக்தி குறைந்துவிடும், ரமலானோ முப்பது நாள். அதனால் எரிச்சல் வருகிற நாட்களில் மட்டும், குறிப்பாகக் கனமான விருந்து இருக்கிற ராத்திரிகளில் போடுவதற்கு இது பொருத்தம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். இதே குடும்பத்து ரானிடிடினை 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது, புற்றுநோயோடு சம்பந்தப்படுத்தப்படும் ஒரு மாசு அதில் உருவாகிறது என்பதற்காக. இங்கே இன்னும் விற்கிறது, பழக்கத்தில் கேட்டு வாங்குகிறார்கள். ஃபமோடிடின் இருக்கும்போது அதை ஏன் தேட வேண்டும் என்பது என் கேள்வி.

கடைசியாக பான்டப்ரசோல், ஒமிப்ரசோல் வகை, ஊரே "கேஸ் மாத்திரை" என்று சொல்வது இதைத்தான். வாரத்தில் பல நாள் எரிகிறவர்களுக்கு இதுதான் பலமானது. ஆனால் இதன் வேலை முறை தெரியாமல் போடுவதால்தான் "போட்டும் கேக்கலைங்க" என்ற புகார் வருகிறது. இரைப்பைச் சுவரில் அமிலத்தை இறைக்கிற பம்புகள் இருக்கின்றன. இந்த மருந்து, இறைத்துக்கொண்டிருக்கிற பம்பைத்தான் பூட்டும், தூங்குகிற பம்பை விட்டுவிடும். மருந்து ரத்தத்தில் இருப்பது ஓரிரு மணி நேரம் மட்டும், பம்புகள் அதிகமாக விழிப்பது சாப்பாடு உள்ளே வரும்போது. அதனால் மாத்திரை போட்டு அரை மணி நேரத்தில் சாப்பாடு வர வேண்டும். பூட்டிய பம்பு அன்று முழுக்கப் பூட்டியே இருக்கும் என்பதால் பலன் மட்டும் ஒரு நாள் வரை நீடிக்கும். முழு பலன் தெரிய மூன்று நாலு நாள் ஆகும், ஆகவே முதல் நோன்பன்று தொடங்குவதைவிட நாலு நாள் முன்பே தொடங்குவது நல்லது. மேலே பூச்சு உள்ள மாத்திரை, பொடித்துக் குடிக்கக் கூடாது.

இதை வைத்துப் பார்த்தால், படுக்கப் போகும்போது போடுவதும், சஹர் சாப்பிட்டு முடித்துக் கடைசி மடக்குத் தண்ணீரோடு போடுவதும் இரண்டுமே வீண். மிச்சமிருப்பது இரண்டு நேரம். சஹரில் என்றால் கண் விழித்ததும் மாத்திரை, அரை மணி கழித்துச் சாப்பாடு. பிப்ரவரி, மார்ச் ரமலானில் சஹர் முடிவு ஐந்து மணியைத் தாண்டித்தான் வருகிறது, நாலே காலுக்கு எழுந்தால் நிதானமாக நடக்கும். சமைக்கிறவர்கள் எப்படியும் அதற்கு முன்பே எழுந்துவிடுவார்கள், சிரமம் எழுப்பிவிட்டால் மட்டும் எழுகிற ஆட்களுக்குத்தான். மாலையில் என்றால் பேரீச்சம்பழம், தண்ணீர், மாத்திரை, மக்ரிப் தொழுகை, பிறகு கஞ்சியும் சாப்பாடும். தொழுகையே அந்த இருபது முப்பது நிமிட இடைவெளியைக் கொடுத்துவிடுகிறது, தனியாகக் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. பள்ளிவாசலில் உட்கார்ந்து கஞ்சி, வடை, சமோசா எல்லாவற்றையும் தொழுகைக்கு முன்பே முடிக்கிறவருக்கு இந்த வசதி இல்லை.

எது நல்லது? எரிச்சல் இஃப்தாருக்குப் பிறகும் ராத்திரியிலும் என்றால் மாலை. சஹருக்குப் பிறகும் பகலிலும் என்றால் சஹர். தெரியவில்லை, எல்லா நேரமும் எரிகிறது என்றால் நான் மாலையைச் சொல்வேன், ஏனென்றால் பெரிய சாப்பாடு அங்கேதான் இருக்கிறது, அதோடு தவறாமல் செய்ய முடிவதும் அதுதான். அரைத் தூக்கத்தில் "இன்னைக்கு விடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று போகிற சஹர் மாத்திரைகள் ஏராளம். இரண்டு வேளையும் போடுவது டாக்டர் சொன்னால் மட்டும். இதயத்துக்காக குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் ஒமிப்ரசோல், எசோமிப்ரசோலைத் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது, அது அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். டோம்பெரிடோன் சேர்ந்த கூட்டு மாத்திரையைத்தான் பலர் கேட்டு வாங்குகிறார்கள், அது இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய மருந்து, குமட்டலும் வயிறு இறங்காத மந்தமும் இல்லாதவர்களுக்கு அது எதற்கு? வெறும் பான்டப்ரசோல் 40 மில்லிகிராம் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் மலிவாகக் கிடைக்கும். என் வியாபாரத்துக்கு நானே வேட்டு வைக்கிறேன், இருக்கட்டும்.

நோன்பை விடுவது

இதையும் ஒரு தேர்வாக வைத்துத்தான் ஆக வேண்டும். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 184-ஆவது வசனம் நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்க இடம் கொடுக்கிறது. சாதாரண நெஞ்செரிச்சலுக்கு அந்த அவசியம் வராது, சாப்பாடும் மருந்தும் சரியாக இருந்தால் பெரும்பாலானவர்கள் முப்பதும் நோற்றுவிடலாம். ஆறிக்கொண்டிருக்கிற புண், சமீபத்தில் ரத்தக்கசிவு, மாத்திரை போட்டும் அடங்காத எரிச்சல் என்றால் கதை வேறு, அவர்கள் டாக்டரிடமும் மார்க்க அறிஞரான ஆலிமிடமும் கேட்டுவிட்டு, களாவாக, அதாவது விட்டதற்கு ஈடாக, பிறகு நோற்கலாம். டிசம்பர், ஜனவரியில் பகல் குறைவு, வேலூர் வெயிலும் இருக்காது. ரமலானே வருஷத்துக்கு பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து குளிர்காலத்தை நோக்கித்தான் போகிறது, 2030-ல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று இரண்டு ரமலான் தொடங்கும்.

கிருத்திகை, சஷ்டி, ஏகாதசி

இங்கே ஒப்பீடு மாறுகிறது, ஏனென்றால் விரதத்தின் வகையையே நாம் தேர்ந்தெடுக்கலாம். தண்ணீர்கூட இல்லாமல் இருப்பவர்கள் உண்டு, பால் பழம் மட்டும் எடுப்பவர்கள் உண்டு, ஒரு வேளைச் சாப்பாடு என்று இருப்பவர்கள் உண்டு. எரிச்சல்காரர்களுக்கு மூன்றில் மோசமானது ஒரு வேளை என்பது என் கருத்து, கேட்க விசித்திரமாக இருந்தாலும். ராத்திரி ஒன்பது மணிக்குச் சாம்பார், வடை, பாயசத்தோடு ஒரு முழு இலையை முடித்துவிட்டுப் படுத்தால் நோன்புக்காரரின் அதே பிரச்சினைதான். ஒரு வேளை என்றால் அதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரிக்கு ஒரு வாழைப்பழம். பால் பழத்தில் புளிப்புப் பழங்களைத் தள்ளிவிட்டு வாழை, பப்பாளி, சப்போட்டா என்று போனால் நிம்மதி. வெறும் வயிற்றில் காப்பி மேல் காப்பி குடித்து ஏகாதசிக்கு ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு பள்ளிகொண்டா பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள் வரிசையிலேயே நெஞ்சைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். தண்ணீர் குடிக்கத் தடையில்லாத விரதத்தில் காப்பிக்குப் பதில் மோர், இளநீர் இருக்கிறதே.

ஆடி மாதக் கூழ் பலருக்கு ஒத்துக்கொள்கிறது, அதற்குக் கடித்துக்கொள்கிற பச்சை வெங்காயமும் மிளகாயும்தான் எரிய வைக்கும். சோளிங்கர் பெரிய மலையில் 1,305 படி, விரதத்தோடு ஏறுகிறவர்கள் நெஞ்சில் எரிச்சலோ அழுத்தமோ வந்தால் "கேஸ்" என்று முடிவுகட்டி மேலே ஏறக் கூடாது. படியேறும்போது வந்து, உட்கார்ந்தால் அடங்குகிற நெஞ்சு உபாதை இதயத்தின் பேச்சாக இருக்கலாம். வியர்த்துக் கொட்டினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, மூச்சு வாங்கினாலோ மருந்துக்கடைக்கு வராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியில்லாமல் வெறும் அசௌகரியமாகவும் வரும்.

கறுப்பாகத் தார் மாதிரி மலம், ரத்த வாந்தி என்றால் அன்றே ஆஸ்பத்திரி, நோன்பு முடியட்டும் என்று தள்ளக் கூடாது. விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை ஆகியவற்றுக்கு எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டியிருக்கும்.

பெருநாளுக்குப் பிறகு

முப்பது நாளைக்கு என்று தொடங்கின பான்டப்ரசோலை அடுத்த ரமலான் வரை தின்றுகொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தினால் சில நாள் முன்பைவிட அதிகமாக எரியும், மருந்து அமிலத்தை அடக்கிவைத்த காலத்தில் அதைத் தூண்டுகிற ஹார்மோன் உடம்பில் கூடியிருப்பதால் வருவது அது, நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி அட்டையைப் பிரித்துவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் ஓடினால் பி12 சத்தும் மெக்னீசியமும் குறையலாம், எலும்பு முறிவு அபாயமும் பேசப்படுகிறது. பெருநாள் விருந்து முடியட்டும், ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் ஆறு நோன்பு வைக்கிறவர்கள் அதுவும் முடியட்டும், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இரண்டு வாரம் போட்டு நிறுத்தலாம், இடையில் எரிந்தால் சிரப்போ ஃபமோடிடினோ போதும். உணவுக்குழாயில் புண் என்று எண்டோஸ்கோப்பியில் தெரிந்தவர்களும், இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுவதால் டாக்டர் பாதுகாப்புக்கு எழுதிக்கொடுத்தவர்களும் மட்டும் தாங்களாக நிறுத்தக் கூடாது.